வழித்துணையற்ற இளம் பயணிகள்



கோடையின் பிற்பகுதியில் இடம்பெயரும் பறவைகளைக் காண விழைவோர், அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் மாண்ட்ரோஸ் முனை என்னும் ஏரிக்கரைப் பூங்காவை நாடுவர். ஏரி என்றவுடன் நம்மூர்க் கண்மாயை எண்ணிவிட வேண்டாம். மிச்சிகன் ஏரி வடக்கு தெற்காக ஏறத்தாழ 490 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நன்னீர்க் கடல். அதன் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வரும் பறவைகள், நீருக்குள் நீண்டிருக்கும் இம்முனையில் இறங்கி இளைப்பாறுகின்றன. அங்கே 'மாய வேலி' எனப் பெயர்பெற்ற புதர்வரிசை ஒன்று உண்டு. ஏவுகணைத் தளம் இருந்த நாள்களில் படைவீரர் குடியிருப்பை மறைக்க நட்ட வேலி அது. இன்று சிறு குருவிகளுக்குச் சத்திரமாகிவிட்டது!

ஆனால், ஆகஸ்டு மாதத்தில் புதரைவிட மணலையே நாம் நோக்க வேண்டும். கரையில் தேங்கிய நீரில் உள்ளான்கள் ஓடியோடிப் புழுபூச்சிகளைக் கொத்தும். (நம் கோடிக்கரைச் சேற்றில் வந்திறங்குபவை இவற்றின் உறவினங்களே.) ஜூலையில் வருபவை பெரும்பாலும் முதிர்ந்தவை, இறகுகள் தேய்ந்து மங்கியிருக்கும். ஆகஸ்டில் வரும் இளம் பறவைகளின் புத்திறகுகளோ, வெளிர் விளிம்புடன் மீன்செதிள்போல் அடுக்கடுக்காய் விளங்கும். பெற்றோர் முன்னரே சென்றுவிட்டனர். வடதுருவத்தை அடுத்த நிலத்தில் பிறந்து சில வாரங்களே ஆன, 25 கிராம் அளவே எடையுள்ள அச்சிற்றுயிர், தான் கண்டிராத தென் அமெரிக்கக் கரைக்கு வழித்துணையின்றியே செல்கிறது. திசையறிவு அதற்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. இடையில் உண்டு இளைப்பாறும் இடத்தை மட்டும் அது தன்னுடன் கொண்டுவர இயலாது அன்றோ?

அந்த இடமோ கோடையில் மக்கள் நிறைந்த கடற்கரை போன்றது. பந்தாட்டம், நாய்கள், குழந்தைகளின் ஓட்டம்! ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும், பயணத்திற்கெனச் சேர்த்த கொழுப்பில் ஒரு பகுதியைப் பறவை இழக்கிறது. படமெடுக்கும் ஆர்வத்தில் அருகே நெருங்கும் பறவை நோக்கர்களையும் இக்குற்றத்திலிருந்து நாம் விலக்கமாட்டோம்.

2019-ஆம் ஆண்டில் இவ்வழக்கு வெளிப்படையாகவே எழுந்தது. 'பைப்பிங் ப்ளோவர்' என்னும் அரிய உப்புக்கொத்தி இணையொன்று, பல பத்தாண்டுகளுக்குப் பின் அந்நகரில் கூடமைத்தது. மாண்டி, ரோஸ் என்று மக்கள் பெயரிட்டனர். பேரேரிப் பகுதியில் இவ்வினம் 1980-களில் இருபது இணைகளுக்கும் குறைவாய்த் தேய்ந்திருந்தது. ஆகஸ்டில் அம்மணலில் நடக்கவிருந்த பெரும் இசைவிழா கைவிடப்பட்டது. இரண்டு குஞ்சுகளுக்காக இத்தனை இழப்பா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே, பொருள் இழந்தவரின் வருத்தத்தை நாம் எள்ளவில்லை. ஆயினும் இசைவிழாவிற்கு வேறு திடல் கிடைக்கும். முட்டையிட்ட பறவைக்கு வேறு மணல் இல்லை. தன்னார்வலர்கள் முறைவைத்துக் காவலிருந்தனர். இரு குஞ்சுகள் பறக்கும் பருவம் எய்தின.

அண்மை ஆண்டுகளில் பேரேரிப் பகுதியின் இணைகள் 80-ஐ எட்டியுள்ளன. மாண்டி 2022 மே மாதத்தில் அதே கரையில் இறந்தது. ரோஸ் அவ்வாண்டு திரும்பவில்லை. ஆனால் 2021-இல் பிறந்த அவற்றின் மகன் இமானி, பிறந்த மணலுக்கே மீண்டும் வந்தது. சுவாகிலி மொழியில் இமானி என்றால் விசுவாசம் என்று பொருள், பெயரிட்டவர்களைப் பாராட்டுகிறோம். 2024-இல் அதன் குஞ்சுகள் நான்கில் ஒன்றே பிழைத்தது. ஒஜிப்வே மக்களின் மொழியில் 'பாடுகிறது' எனப் பொருள்படும் நாகமோ என்ற பெயருடன், அந்த ஒற்றைக் குஞ்சும் அக்கோடையில் சிறகு முற்றிக் கரையைவிட்டுப் பறந்தது.