வெட்டுவதற்கு முன்னால்

எடிட்டிங் மென்பொருளில் எனக்குப் பிடித்த பொத்தான் 'எம்'. பிரீமியர், டாவின்சி ரிசால்வ், வேகாஸ் எதுவானாலும் அதை அழுத்தினால் டைம்லைனில் ஒரு மார்க்கர் விழும். வீடியோ ஓட ஓடவே போட்டுக்கொண்டு போகலாம், எதுவும் வெட்டுப்படாது. மூவியோலா காலத்து எடிட்டர்கள் ஃபிலிமின் மேலேயே மெழுகுப் பென்சிலால் கோடு இழுத்துவிட்டுத்தான் வெட்டினார்கள். இப்போது பலரும் எடுத்த எடுப்பிலேயே கத்தரிக்குப் போய்விடுகிறார்கள்.

பழவேற்காட்டில் எடுத்த வீடியோக்களிடம் அந்த அவசரம் பலிக்காது. ஏரி முழுக்க ஒரே தண்ணீர், ஒரே வானம், கூடவே தடதடக்கும் படகு இன்ஜின். படத்தில் பிடி கிடைக்காவிட்டால் கீழே ஓடும் ஒலிக்கோட்டைப் பார்ப்பேன். இன்ஜின் ஓடும்வரை அது தடித்த பட்டையாக இருக்கும். ஆழமில்லாத இடம் வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கழி ஊன்றித் தள்ளுவார்கள். கோடு சட்டென்று மெலிந்துவிடும். அங்கே ஒரு 'எம்'. பேச்சு, வலை இழுப்பு, பூநாரைக் கூட்டம், எல்லாம் அந்த மெலிந்த இடங்களில்தான் அகப்படும்.

மார்க்கர் ஒரு நொடியைக் காட்டும். ரீஜன் இங்கிருந்து அதுவரை என்று ஒரு நீளத்தை வளைத்துக்கொள்ளும். வேகாஸில் நீளத்தைத் தேர்ந்தெடுத்து 'ஆர்' அழுத்த வேண்டும். ரிசால்வில் மார்க்கரையே ஆல்ட் விசையோடு இழுத்து நீட்டலாம். சிரமம் பெயர் வைப்பதில்தான். கோப்புப் பட்டியலில் 'தண்ணீர்', 'வலை' என்றெல்லாம் இருந்தால் மறுவாரம் நமக்கே புரியாது. அதனால் படகோட்டிய அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். இரண்டு ஷாட்டிலும் தண்ணீரில் வரிசையாகக் கம்புகள், எனக்கு எல்லாம் ஒன்றுதான். அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். "இது எங்க பாடு தம்பி. அந்தக் கம்பத் தாண்டினா வேற ஊரு."

எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று இங்குள்ள குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடுதான் பாடு. கேமராவுக்கு அது தெரியாது. அன்றைக்கு ரீஜன்களுக்கு அவர் சொன்ன பெயர்களையே வைத்தேன். முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீரின் நிறம் மாறுகிற நொடியில், "கடல் தண்ணி உள்ள வருது, போடு" என்றார். என்னிடம் விட்டிருந்தால் அந்த ஷாட்டைக் கடந்தே போயிருப்பேன்.

அங்கிருந்தே எடுத்த ராக்கெட் வீடியோ வேறு சங்கதி. 2023 ஜூலை 14, பிற்பகல் 2.35: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பியது. ஏவுதளம் பழவேற்காட்டிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 35 கி.மீ. ஒலி ஒரு நொடிக்கு 340 மீட்டர் சொச்சம்தான் போகும். நெருப்பு எழுவதைக் கண்ட பிறகு முழக்கம் வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ராக்கெட் எங்கோ போயிருக்கும். வெளிச்சத்தில் ஒரு மார்க்கர், முழக்கத்தில் இன்னொன்று போட்டுப் பாருங்கள், நடுவில் ஒரு நீண்ட வெற்றிடம். ஒலியை முன்னால் இழுத்து நெருப்போடு ஒட்டிவிடலாம், பார்ப்பவர்களில் பலருக்கும் தெரியாது. ஆனால் பழவேற்காட்டில் நின்று பார்ப்பது என்றால் அந்த இடைவெளிதானே! சுருக்கினேன், ஒட்டவில்லை.

ஒரு நச்சரிப்பு உண்டு. முன்னால் ஒரு ஷாட்டை உருவினால் பின்னால் உள்ளவை நகர்ந்து வரும். டைம்லைனில் போட்ட மார்க்கர்கள், செட்டிங்கில் சொல்லிவைக்காவிட்டால், நின்ற இடத்திலேயே நிற்கும். 'முழக்கம்' என்ற குறி யாரோ டீ குடிக்கும் காட்சியின் மேல் போய் உட்கார்ந்திருக்கும். பிரீமியரிலும் ரிசால்விலும் கிளிப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு 'எம்' அழுத்தினால் குறி கிளிப்போடு ஒட்டிக்கொண்டு போகும். நிகழ்ச்சிக்கு உரிய குறியைக் கிளிப்பில் போடுங்கள். இசை மாறும் இடம், விளம்பர இடைவேளை போன்றவை டைம்லைனில் இருக்கட்டும்.

ரீஜன் போட்டுவைத்ததில் இன்னொரு சௌகரியம், வேண்டிய துண்டை மட்டும் தனிக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் தம் பாட்டில் வலை கட்டும் துண்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். ராக்கெட் வேண்டாமா என்று கேட்டேன். "அது கிளம்புற அன்னைக்குக் கடலுக்குப் போகாதேன்னுடுவாங்க. அத எதுக்கு போன்ல வேற வெச்சுக்கணும்?"