யார் நம் அயலார்?



குற்றாலச் சாரல் புளியறை வரை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், அவ்வூருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தேன். மேற்கே முகில் மூடிய மலை. கீழே பசுமையான வயல்கள். கேரளத்துக்குச் செல்லும் லாரிகள் எஸ் வளைவில் முனகிக்கொண்டு ஏறும் ஓசை. திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, மறைக்கல்வி வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் என் அங்கியைப் பற்றிக்கொண்டு கேட்டான்: "சாமி, குருப்பெயர்ச்சி என்கிறார்களே, குரு பெயர்ந்தால் நம்மைவிட்டுத் தூரமாய்ப் போய்விடுமா?"

அவன் கேள்வியில் வியப்பில்லை. குருப்பெயர்ச்சி நாளன்று புளியறைத் தட்சிணாமூர்த்தி கோயிலுக்கு இந்து சகோதரர்கள் வெளியூர்களிலிருந்தும் வருவதைக் கண்டு வளர்பவன் அவன். கோள்கள் நம் வாழ்வின் விதியை எழுதுவதில்லை என்பது திருச்சபையின் போதனை. ஆயினும், இறைவன் படைத்த வானத்தை உற்றுநோக்கி அதன் ஒழுங்கை அறிவது நல்ல செயலே அன்றோ? ஆகவே திண்ணையில் அமர்ந்து அவனுக்கு விளக்கலானேன்.

குரு என்பது வியாழன் கோள். அது கதிரவனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. வான வட்டத்தை நம் முன்னோர் 12 இராசிகளாகப் பகுத்தமையால், வியாழன் ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் இராசியைக் கடக்கிறது. அதுவே பெயர்ச்சி. அது திசையைக் குறிப்பதேயன்றித் தூரத்தைக் குறிப்பதன்று. தூரம் மாறுவது வேறு கணக்கு. சுமார் 13 மாதங்களுக்கு ஒருமுறை பூமி வியாழனை நெருங்கிச் செல்கிறது. அப்போது இடைவெளி 60 கோடி கிலோமீட்டர் அளவுக்குக் குறையும். பின்னர் பூமி கதிரவனுக்கு அப்புறம் சென்றுவிட்டால் அது 90 கோடிக்கும் மேலாகும்.

"ஏன் சாமி அப்படி?" என்றான் சிறுவன். முற்காலத்தில் களத்தில் பிணையல் மாடுகள் சுற்றிவரும். ஒரே கயிற்றில் பிணைத்தமையால் அவை ஒன்றையொன்று பிரிவதில்லை. கோள்களுக்கோ அத்தகைய கயிறு கிடையாது. உள்வட்டத்தில் இருப்பது விரைந்தோடுகிறது. வெளிவட்டத்தில் இருப்பது மெல்லச் செல்கிறது. புதனுக்கு ஒரு சுற்று 88 நாள். வெள்ளிக்கு 225 நாள். செவ்வாய்க்கு 687 நாள். ஆகவே அண்டைக் கோள்கள் இரண்டு, சில காலம் அருகருகே வருகின்றன. சில காலம் கதிரவனுக்கு இப்புறமும் அப்புறமுமாய்ப் பிரிந்து நிற்கின்றன.

செவ்வாயை எடுத்துக்கொள்வோம். 2003 ஆகஸ்ட் 27 அன்று அது பூமியிலிருந்து 5 கோடியே 58 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் காணாத நெருக்கம் அது! அதே செவ்வாய் சில வேளைகளில் 40 கோடி கிலோமீட்டர் அப்பாலும் சென்றுவிடுகிறது. நம் நாட்டு மங்கள்யான் விண்கலம் 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. விரும்பிய நாளில் அப்பயணத்தைத் தொடங்க இயலாது. அதற்கேற்ற காலம் 26 மாதங்களுக்கு ஒருமுறையே வாய்க்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இனி வெள்ளியைப் பாருங்கள். நம் பாதைக்கு அடுத்த உட்பாதை அதனுடையது. 4 கோடி கிலோமீட்டர் வரை நம்மை நெருங்கி வருவது அது ஒன்றே. ஆனால் அவ்வாறு மிக அண்மையில் வரும் வேளையில், அதன் ஒளிபெற்ற முகம் கதிரவனை நோக்கியிருக்க, இருண்ட முகமே நம் பக்கம் திரும்பியிருக்கிறது! பின்னர் விலகிச் செல்லும்போதோ 26 கோடி கிலோமீட்டர் வரை போய்விடுகிறது.

அவ்வாறாயின் நம் உண்மையான அயலார் யார்? 2019-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் மூவர் இதனைக் கணக்கிட்டு வெளியிட்டனர். ஒருநாள் நெருக்கத்தைப் பாராமல், நெடுங்காலத்துச் சராசரித் தூரத்தை அவர்கள் பார்த்தனர். வெள்ளியின் சராசரித் தூரம் ஏறத்தாழ 17 கோடி கிலோமீட்டர். செவ்வாயின் தூரம் 25 கோடி. புதனின் தூரமோ 15 கோடியே 50 இலட்சம்தான்! கதிரவனின் ஒளியில் மறைந்து, கண்ணுக்கு எளிதில் தென்படாத சிறிய புதனே நம் நெருங்கிய அயலார். நமக்கு மட்டுமன்று, எல்லாக் கோள்களுக்கும் சராசரியில் நெருங்கியது புதன்தான் என்பது அவர்கள் கண்ட முடிவு. காரணம் எளிது. புதன் கதிரவனைவிட்டு அகலாமல் சுற்றுகிறது. எனவே எப்பக்கம் சென்றாலும் எவரைவிட்டும் மிகுதியாக விலகிப்போவதில்லை.

இதை வாசித்தபோது, குருமடத்தில் பயின்ற பாடம் ஒன்று என் நினைவுக்கு வந்தது. 6-ஆம் நூற்றாண்டில் காசா பகுதியில் வாழ்ந்த துறவி தொரோத்தேயு தம் சீடர்களுக்கு ஒரு வட்டத்தை உவமையாகக் காட்டினார். நடுப்புள்ளி இறைவன், விளிம்பிலிருந்து நடுவை நோக்கிவரும் கோடுகள் மனிதர். நடுவை நெருங்க நெருங்க அவர்கள் ஒருவரையொருவர் நெருங்குகின்றனர். நடுவைவிட்டு விலக விலக ஒருவரையொருவர் பிரிகின்றனர் என்றார் அவர்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சிறுவன், "எங்கள் வீட்டுக்கு அடுத்தது பெரியப்பா வீடுதான் சாமி. ஆனால் நாங்கள் பேசுவதில்லை" என்றான். வேறொன்றும் சொல்லாமல் ஓடிவிட்டான்.

அது எனக்குத் தெரிந்த செய்திதான். இரு வீடுகளுக்கும் ஒரே சுவர். சில தென்னைகள் யாருக்கு என்ற வழக்கில் அண்ணனும் தம்பியும் 11 ஆண்டுகளாகப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோவிலுக்குள்ளும் ஆளுக்கொரு வாசல் வழியே வருவார்கள். (இதை அவ்விரு குடும்பத்தாரின் இசைவுடனேயே எழுதுகிறேன்.)

மூன்று வாரங்களுக்குப்பின் ஒரு நள்ளிரவில் அண்ணன் மயங்கி விழுந்தார். பிள்ளைகள் வளைகுடா நாட்டில். மனைவி வாசலில் நின்று கூவினார். ஓடிவந்தவர் தெருக்கோடியில் தேநீர்க் கடை நடத்துபவர். ஆட்டோவில் ஏற்றித் தென்காசி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவர் ஓர் இசுலாமிய இளைஞர். அதுவரை அவர்களை அக்குடும்பத்தார் உறவாக எண்ணியதுமில்லை.

மூன்றாம் நாள் தம்பி கோவில் முற்றத்தில் என்னருகே வந்து அமர்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "சாமி, மதினி கூப்பிட்ட சத்தம் சுவருக்கு இப்புறம் எனக்குக் கேட்டது. எழுந்து உட்கார்ந்தேன். கதவைத் திறக்கவில்லை" என்றார்.

நான் அறிவுரை ஏதும் கூறவில்லை. "கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து சென்றார். மருத்துவமனையில் இருவரும் என்ன பேசினர் என்று நான் கேட்கவுமில்லை. தென்னை வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும், இப்போது அச்சிறுவன் காலையில் கஞ்சிப் பாத்திரத்தோடு பெரியப்பா வீட்டுப் பின்வாசலில் நுழைவதைத் தெருவார் காண்கின்றனர்.

"என் அயலான் யார்?" என்று கேட்ட சட்ட வல்லுநருக்கு ஆண்டவர் இயேசு தூரத்தை அளந்து காட்டவில்லை. நல்ல சமாரியரின் கதையைச் சொன்னார். காயமுற்றவனுக்கு அருகில் வந்தும் விலகிச் சென்றவர்கள் இருவர். வேற்றினத்தவராயினும் நெருங்கி வந்தவர் ஒருவர். அடுத்த வீட்டில் குடியிருப்பதால் மட்டும் நாம் அயலாராகிவிடுவதில்லை. நம் இருண்ட முகத்தையே சுவருக்கப்பால் காட்டிக்கொண்டிருந்தால், அந்த அண்மையினால் யாருக்கு என்ன பயன்?

அன்புள்ள குடும்பத்தாரே, கோள்களுக்குத் தடுமாற்றமில்லை. செவ்வாய் அடுத்து நம்மை நெருங்கும் நாளை அறிஞர்கள் இன்றே எழுதி வைத்திருக்கின்றனர். தவறினால் 26 மாதங்களில் மீண்டும் வரும். ஆனால் நம் அண்ணனும் தம்பியும் மீண்டும் நம்மருகே வரும் நாளை எழுதி வைத்திருப்பவர் யார்? அடுத்த முறை என்று ஒன்று உண்டென நமக்கு எவரும் உறுதி தரவில்லை.

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் ஒரு நொடி எண்ணிப்பாருங்கள்: சுவருக்கு அப்புறம் இருப்பவர் யார்? அவரோடு பேசி எத்தனை நாளாயிற்று? ஆண்டவருக்கு அண்மையில் நாம் வாழ்வோமாயின், எவருக்கும் வெகுதூரத்தில் இருக்கமாட்டோம். அதற்கான அருளை அவர் நம் இல்லங்களுக்குப் பொழிவாராக.

இறையன்பில்,
உங்கள் பங்குத்தந்தை