அந்த நாலு நிமிஷம்

மாரடைப்பு வந்து பிழைத்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால், சகோதரிகளே, அந்த வீட்டில்தான் எத்தனை மாறுதல்கள்! ஊறுகாய் ஜாடி பரண்மேல் ஏறிவிடுகிறது. அப்பளம் பொரிப்பது நின்று போகிறது. மாத்திரைகள் காலைக்கு, ராத்திரிக்கு என்று டப்பாக்களில் அணி வகுக்கின்றன. வீட்டு அம்மாள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறாள்.

எல்லாம் சரிதான். ஆனால் ஒரு நாள் ராத்திரி அவர் பேச்சு மூச்சில்லாமல் சாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு யாராவது சொல்லித் தந்தார்களா?

"நல்ல வார்த்தையே வாயில் வராதா?" என்று சிலர் கோபித்துக்கொள்ளலாம். ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுப்பதை நாம் அபசகுனம் என்று சொல்வதில்லையே! இதுவும் ஒரு காப்புத்தான். அதுவும் ஆள் உயிரோடிருக்கவே உதவும் காப்பு.

இதயம் நின்று நாலைந்து நிமிஷம் ரத்தம் போகாவிட்டால் மூளை கெடத் தொடங்கிவிடும். 108 ஆம்புலன்ஸ் 2008-ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து நம் மாநிலத்தில் ஓடுகிறது. எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. இருந்தாலும் கோரிப்பாளையத்திலிருந்து புறப்படும் வண்டி மாசி வீதிச் சந்துக்குள் வந்து சேர வேண்டாமா? சித்திரைத் திருவிழா சமயமென்றால் கேட்கவே வேண்டாம். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமமானால் இன்னும் தூரம். அந்த இடைவெளியில் பக்கத்தில் இருப்பவர் டாக்டர் அல்ல, நீங்கள்தான். இதயம் இப்படித் திடீரென்று நிற்பது பெரும்பாலும் வீட்டிலேதான்.

1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். மார்பைப் பிளக்காமல், வெளியிலிருந்து அழுத்தியே நின்ற இதயத்தின் வேலையைக் கொஞ்ச நேரம் நடத்தலாம். அதற்கு இரண்டு கைகள் போதும் என்பதே அது. மூவரில் முதல்வர் டாக்டர்கூட அல்ல, மின்சார எஞ்சினீயர்! நம் நாட்டு மயக்க மருந்து நிபுணர்கள் 2017-இல் சாதாரண ஜனங்களுக்கென்றே ஒரு முறையை வகுத்துத் தந்தார்கள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், அழுத்தினால் போதும் என்பது அதன் சாரம்.

முறையைக் கேளுங்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மார்பு ஏறி இறங்கவில்லை என்றால் உடனே 108-க்குச் சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்துவிடுங்கள். எப்போதோ ஒரு தடவை விக்குவதுபோல் மூச்சை இழுத்தால், 'மூச்சு இருக்கிறது' என்று ஏமாந்து போகாதீர்கள், அது மூச்சாகாது. சோடா கொடுப்பது, உள்ளங்கால் தேய்ப்பது எல்லாம் வீண் தாமதம்.

மெத்தையோ கயிற்றுக் கட்டிலோ உதவாது. தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பக்கத்தில் மண்டியிட்டு, நடு நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வையுங்கள். அதன்மேல் மற்றக் கை. முழங்கை மடங்கக் கூடாது. உலக்கை போடும்போது உடம்பின் பாரம் இறங்குகிறதல்லவா, அப்படி இறங்கட்டும். மார்பு 5 முதல் 6 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். ஏறக்குறைய மூன்று விரல் அகலம். ஒவ்வொரு தடவையும் அது முழுவதும் மேலெழும்பவிட்டு மறுபடி அழுத்துங்கள். வேகம் நிமிஷத்துக்கு 120. அதாவது வினாடிக்கு இரண்டு. இரண்டு நிமிஷத்துக்கொரு தடவை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். உதவி வரும்வரை, அல்லது அவர் அசையும்வரை நிறுத்தாதீர்கள். ஒரு பிள்ளையை விளக்குடன் தெருமுனைக்கு அனுப்பினால் வண்டி வீடு தேடி அலையாது.

நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லக்கூடிய நினைவோடு இருப்பவரை அழுத்தக் கூடாது. அவரை உட்கார வைத்து, தாமதமின்றி ஆஸ்பத்திரி சேர்ப்பதே வழி. கிணற்றிலோ கண்மாயிலோ மூழ்கி எடுக்கப்பட்டவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு ஊதுவதும் அவசியம். அதைப் பயிற்சியில்தான் கற்க வேண்டும்.

"விலா எலும்பு முறிந்துவிட்டால்?" முறியலாம். எலும்பு கூடிவிடும். "என் கையால் ஏதாவது ஆகிவிட்டால்?" நின்றுவிட்ட இதயத்துக்கு இதற்கு மேல் என்ன ஆகிவிடும் அம்மா? எல்லாரும் பிழைத்து விடுவார்கள் என்று சொல்வதற்கில்லை. அழுத்தியும் போனால் அது உங்கள் குற்றமாகாது. அழுத்தினால் பிழைக்க வழியுண்டு. சும்மா இருந்தால் அந்த வழியும் அடைபட்டுப் போகும்.

நோயாளியின் மனசையும் பார்க்க வேண்டும். 1980-களில் அமெரிக்காவில் காதலீன் டிராகப் என்ற நர்ஸ் ஆராய்ச்சியாளர், இதய நோயாளிகளின் குடும்பத்தாருக்கு இதைக் கற்பித்துப் பார்த்தார். சில நோயாளிகளுக்குக் கவலை அதிகமாயிற்றாம். பின்னால், மனம்விட்டுப் பேசி ஆறுதலும் சேர்த்துக் கற்பித்தபோது பலன் நன்றாக இருந்தது. ஆகவே அவருக்குத் தெரியாமல் ஒளித்துக் கற்காதீர்கள். "உங்களுக்காக மட்டுமல்ல, தெருவுக்கே உதவும்" என்று சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். அது பொய்யும் அல்ல.

பெரியாஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்துச் சீட்டோடு பத்து நிமிஷத்தையும் கேட்டு வாங்குங்கள். "டாக்டர், எப்படி அழுத்துவது என்று ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 16 இந்தப் பயிற்சிக்கென்றே உலகெங்கும் அனுசரிக்கப்படும் நாள். அதையொட்டி நடக்கும் வகுப்புகளையும் விசாரித்து வையுங்கள்.

இன்னொன்று. மாரடைப்பு ஆண்களுக்கு மட்டும் வருவதல்ல. பொது இடத்தில் விழுந்தவள் பெண் என்றால் தொடத் தயங்கி நிற்பவர்கள் உண்டு என்று வெளிநாட்டு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆகையால் நீங்கள் கற்றதோடு நிற்காமல், வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையணையை வைத்துப் பழகச் சொல்லுங்கள். அவர்கள் கற்கப்போவது உங்கள் உயிருக்காகவும்தான்!