பாகவதர் கதையா, கற்பனையா?

'காந்தா' படம் 2025 நவம்பர் 14 அன்று வெளியானது. அதற்கு முன்பே, இது எம்.கே. தியாகராஜ பாகவதரின் கதைதான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. தாத்தாவைத் தவறாகக் காட்டுகிறார்கள் என்று அவருடைய பேரன் சென்னையில் வழக்குப் போட்டார். படத் தரப்போ, இது பாகவதர் கதையே இல்லை என்றது.

கோவைக்காரர்களுக்கு இந்த விவாதத்தில் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) இரண்டும் நம்ம ஊர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டவை. அன்றைய ரசிகருக்குத் தியேட்டரும் கிராமபோன் ரெக்கார்டும்தான். பாட்டை மனப்பாடம் செய்வார், சிகையைப் பாகவதர் மாதிரி வளர்ப்பார். இன்றைய ரசிகருக்கு ஒரு நிமிட வீடியோ போதும், வாழ்க்கை வரலாறே எழுதிவிடுகிறார்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்கள், அப்படி ஒரு வீடியோவை பார்வர்டு செய்யுமுன் நோட்பேடைத் திறந்து, உறுதியான தேதிகளை மட்டும் டைப் செய்து பாருங்கள். லட்சுமிகாந்தன் கொலை 1944 நவம்பர். பாகவதர் கைது டிசம்பர். பிரிவி கவுன்சில் வரை போன வழக்கில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது 1947-ல். மறைவு 1959 நவம்பர் 1.

நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். 'ராஜமுக்தி' (1948), 'அமரகவி' (1952), 'புது வாழ்வு' (1957) எல்லாம் அப்போது வந்தவைதான். இதையெல்லாம் 'சிறைக்குப் போனார், வறுமையில் வாடினார்' என்று ஒரே வரியில் முடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நிரபராதி என்று விடுதலையான மனிதர் அவர். அந்த ஒரு வரியை மட்டும் பார்வர்டு செய்பவர்கள் எப்படியோ விட்டுவிடுகிறார்கள்.