‘மெயின்லயே ஃபால்ட்டும்மா...’: டிவி வரலைன்னா யாரைப் பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டிவி திரையில் ‘நோ சிக்னல்’. மதுரையில் தனியாக இருக்கும் அம்மா கேபிள்காரருக்கு போன் போடுகிறார். “மெயின்லயே ஃபால்ட்டும்மா, ராத்திரிக்குள்ள வந்துரும்” என்கிறார் அவர். ராத்திரி போகிறது, திங்களும் போகிறது. செவ்வாய்க்கிழமை அவர் போனையே எடுப்பதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கஸ்டமர் கேருக்கு அடிக்கிறார். ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ எல்லாம் முடிந்த பிறகு ஒரு குரல் சொல்கிறது: “உங்க லோக்கல் ஆபரேட்டரைக் கேளுங்க சார்.”

கேபிள் இணைப்பு இருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் கதையைக் கேட்கலாம். மாதம் சில நூறு ரூபாய் சமாச்சாரம்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வெளியே அதிகம் போகாத பெரியவர்களுக்கு பகல் பொழுதின் துணையே அந்த டிவிதான்.

ஏன் இப்படி அலைய விடுகிறார்கள்?

கேபிள் டிவி என்பது ஒரே கம்பெனி இல்லை. சேனல்களை வாங்கி, தொகுத்து, சிக்னலை அனுப்புவது எம்எஸ்ஓ எனப்படும் பெரிய நிறுவனம். தமிழ்நாட்டில் அரசு கேபிள் நிறுவனமும் இந்த வகைதான். அந்த சிக்னலை தெருவுக்கும் வீட்டுக்கும் கொண்டுவருபவர் எல்சிஓ, அதாவது நம்ம ஏரியா கேபிள்காரர். வயர் அறுந்தால் அவர் பொறுப்பு. மேலிருந்து சிக்னலே வராவிட்டால் எம்எஸ்ஓ பொறுப்பு. எங்கே கோளாறு என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. அந்த இடைவெளியில்தான் புகார்கள் காணாமல் போகின்றன.

கேபிள்காரரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. இருவரும் தனியாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில், அடிப்படை நெட்வொர்க் கட்டணத்தில் எம்எஸ்ஓவுக்கு 55 சதவீதம், எல்சிஓவுக்கு 45 சதவீதம் என்பது டிராயின் மாதிரி ஒப்பந்தக் கணக்கு. ஓடிடிக்கு ஆட்கள் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், அந்தப் பங்கில்தான் அவர் லைன்மேனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

விதி என்ன சொல்கிறது?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2017-ல் கேபிள், டிடிஎச் சேவைத் தரத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. அதில் வாடிக்கையாளருக்குப் பயன்படும் விஷயங்கள் நிறையவே இருக்கின்றன.

- கட்டணமில்லா கஸ்டமர் கேர் நம்பர் இருக்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் தனிப் பதிவு எண் தர வேண்டும்.
- ‘சிக்னல் இல்லை’ என்ற புகாரை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பில் தகராறு என்றால் 7 நாள்.
- தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் சேவை இல்லாவிட்டால், அந்த நாட்களுக்கான பணத்தைக் கட்டணத்தில் கழிக்க வேண்டும்.
- கட்டிய பணத்துக்கு ரசீது கொடுக்க வேண்டும்.
- கஸ்டமர் கேரில் தீராவிட்டால் மேல்முறையீடு செய்ய நோடல் அதிகாரி இருக்க வேண்டும்.

2024 ஜூலையில் ஒரு மாற்றம் வந்தது. இணைப்பு தருவது, ரிப்பேருக்கு வீட்டுக்கு வருவது போன்றவற்றுக்கு இருந்த கட்டண உச்சவரம்பை டிராய் எடுத்துவிட்டது. இப்போது நிறுவனங்களே தொகையை முடிவு செய்யலாம். ஆனால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எனவே ஆள் வரும் முன்பே “விசிட்டிங் சார்ஜ் எவ்வளவு?” என்று கேட்டுவிடுவது நல்லது.

ஓட்டை எங்கே?

24 மணி நேரம் எப்போது ஆரம்பிக்கிறது என்பதில்தான். புகார் பதிவானால்தான் கடிகாரம் ஓடும். ஆனால் நம் வீடுகளில் யார் டோல் ஃப்ரீ நம்பருக்கு அடிக்கிறார்கள்? “அண்ணே, டிவி வரல” என்று கேபிள்காரரின் செல்போனுக்குத்தான் பேசுகிறோம். அந்தப் பேச்சு எங்கேயும் பதிவாவதில்லை. நான்கு நாள் டிவி இல்லாவிட்டாலும், காகிதத்தில் அந்த வீட்டுக்குப் பிரச்சினையே இல்லை! கட்டணக் கழிவு கேட்டால், “நீங்க கம்ப்ளைன்ட்டே பண்ணலையே” என்று பதில் வரும்.

என்ன செய்யலாம்?

கேபிள்காரரிடம் பேசுங்கள், தப்பில்லை. பல நேரம் சீக்கிரம் வேலை நடப்பதும் அப்படித்தான். கூடவே டோல் ஃப்ரீ நம்பரில் புகார் செய்து பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். ‘நோ சிக்னல்’ திரையை தேதி, நேரம் தெரிய ஒரு போட்டோ எடுங்கள். மாதப் பணத்தை முடிந்தவரை யுபிஐயில் கட்டுங்கள், கையில் ஆதாரம் இருக்கும்.

அப்படியும் அசையவில்லையா? தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம். அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2019 சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் தாக்கல் செய்ய வசதி உண்டு.

ஆனால் 300 ரூபாய் பிரச்சினைக்காக எத்தனை பேர் ஆணையம் வரை போவார்கள்? போக மாட்டார்கள் என்பது நிறுவனங்களுக்கும் தெரியும். அதனால் பாரத்தை வாடிக்கையாளர் தலையில் மட்டும் வைத்தால் எதுவும் மாறாது. கேபிள்காரரின் போனுக்கு வரும் புகாரும் அவர் மூலமாகவே எம்எஸ்ஓ சிஸ்டத்தில் பதிவாகி, வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் வர வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால், யாரும் கேட்காமலே கட்டணம் கழிய வேண்டும். பணம் கட்டாவிட்டால் செட்டாப் பாக்ஸை உட்கார்ந்த இடத்திலிருந்தே கட் செய்யத் தெரிந்த சிஸ்டத்துக்கு, இது முடியாத வேலையா என்ன?