லென்ஸ் கலரை போன்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க



இந்த வாரம் கையில் பிடிக்கிற கேட்ஜெட் இல்லை, கண்ணில் போடுற ஒரு விஷயம்: கலர் கான்டாக்ட் லென்ஸ். ஆன்லைனில் கிரே, ஹேசல், புளூ என்று வரிசையாகக் கண்கள் இருக்கும். ஒன்றைத் தட்டினால் செல்ஃபி கேமரா அதை உங்க கண்ணிலேயே ஒட்டிக் காட்டும். அதைப் பார்த்து லென்ஸ் வாங்குவது தப்பான முறை என்பது என் கருத்து. சரியான முறை நம்ம அம்மாக்களுக்கு எப்பவோ தெரியும்.

லீவுக்கு ஊருக்குப் போனப்போ தி.நகரில் பட்டுப்புடவை எடுக்கக் கூட்டிட்டுப் போயிருப்பாங்களே, ஞாபகம் இருக்கா? புடவையைக் கையில் எடுத்துக்கிட்டு நேரா கடை வாசலுக்கு வந்து வெயிலில் பார்ப்பாங்க. உள்ளே டியூப்லைட்டில் அப்படியே பொருந்தின பிளவுஸ் பிட், வெளியே வந்ததும் தனியாத் தெரியும். இதுக்கு மெட்டமெரிசம் என்று பெயர். பகல் வெளிச்சத்தில் கலர் பார்க்க நம்ம கண்ணில் இருப்பது மூணே வகை கூம்பு செல்கள். இரண்டு வேறு வேறு ஒளிக்கலவைகள் அந்த மூன்றையும் ஒரே அளவு தூண்டினால் மூளைக்கு இரண்டும் ஒரே கலர்தான். விளக்கு மாறினால் கணக்கும் மாறும்.

லென்ஸ் இதைவிடச் சிக்கல். நம்ம கண்ணைக் 'கருவிழி' என்கிறோம். உண்மையில் அது மெலனின் நிறைந்த அடர் பழுப்பு. நீலக் கண்ணில் நீல நிறமியே கிடையாது. மெலனின் குறைவாக இருப்பதால் ஒளி சிதறி நீலமாகத் தெரியுது. அதனால்தான் பூனைக்கண் வெளிச்சத்துக்கு வெளிச்சம் வேற மாதிரி தெரியும். ஐஸ்வர்யா ராய் கண் பச்சையா, நீலமா, சாம்பலா? 'ஜீன்ஸ்' (1998) பார்த்த நாலு பேரைக் கேளுங்க, ஒரே பதில் வராது.

வெளிர் கண்களுக்கென்று செய்த மெல்லிய டின்ட் லென்ஸ் நம்ம கண்ணில் கிட்டத்தட்டக் காணாமல் போயிடும். நமக்கு வேண்டியது ஒப்பேக் லென்ஸ். அதில் கலர் புள்ளி புள்ளியாக அச்சடிச்சிருக்கும், இடைவெளியில் நம்ம பழுப்பு எட்டிப் பார்க்கும். பாவில் ஒரு கலர், ஊடையில் ஒரு கலர் வைத்து நெய்த மயில்கழுத்துப் பட்டு மாதிரி, எதிரே நிற்பவர் கண்ணில்தான் இரண்டும் கலக்குது. பாதி கலர் லென்ஸோடது, பாதி உங்களோடது. வெளிர் கண் மாடலின் போட்டோவில் அந்த இரண்டாவது பாதி உங்களுடையது இல்லையே!

பக்கத்தில் இருக்கும் நிறமும் சும்மா இருக்காது. பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தில் கறுப்பு நூல் மங்கலாத் தெரியுதுன்னு புகார் வந்தப்போ, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறங்கள்தான் காரணம் என்று கண்டுபிடித்தவர் செவ்ரூல் என்ற வேதியியலாளர். 1839-இல் இதைப் புத்தகமாகவே போட்டார். மாநிறத் தோலுக்கு நடுவே சாம்பல் லென்ஸ் கொஞ்சம் நீலம் தட்டித் தெரிவதும் இதே கதைதான்.

போன் ஆப் இதில் எதைக் கணக்கில் எடுக்குது? கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வெளிச்சத்தைத் திருத்திடும். நைட் மோட் ஸ்கிரீனை மஞ்சளாக்கிடும். அதுக்கு மேல ஒரு நிலையான கலரை ஒட்டினால் அது ஸ்டிக்கர்.

என் அக்கா மகளுக்கு அரங்கேற்றம் வருது. "மாமா, கிரே போட்டா ஸ்டேஜ்ல எடுப்பா இருக்குமா?" என்று கேட்டாள். இருக்காது என்றேன். அபிநய தர்ப்பணம் 8 வகைப் பார்வைகளைச் சொல்லுது. அவை கடைசி வரிசை வரை போய்ச் சேர்வதே வெள்ளை விழிக்கும் கருவிழிக்கும் உள்ள கான்ட்ராஸ்டால்தான். மையிட்டு அதைக் கூட்டுறோம், லென்ஸ் போட்டு ஏன் குறைக்கணும்? கல்யாண ரிசப்ஷன் என்றால் வேற பேச்சு, அங்கே பக்கத்தில் நின்றுதான் பார்க்கிறாங்க.

இன்னொன்று, லென்ஸ் நடுவில் இருக்கும் தெளிவான வட்டத்தின் அளவு மாறாது. கண்மணியின் அளவு மாறும். ரிச்சர்ட்சன் மதிய வெயிலில் அது சுருங்கும்போது வட்டத்துக்குள் உங்க பழுப்பு வளையமாகத் தெரியும். ராத்திரி 75-இல் கார் ஓட்டும்போது அது விரிந்து, அச்சடித்த ஓரம் பார்வையை மறைக்கலாம்.

அதனால் புடவைக்கடை வழிதான் சரி. பல கண் மருத்துவர்களிடம் கலர் ட்ரையல் லென்ஸ் இருக்கும், கேளுங்க. போட்டுக்கிட்டு வாசலுக்கு வாங்க. வீட்டு மஞ்சள் பல்பிலும் பாருங்க, அன்றைக்குப் போடப்போற துணியைத் தோளில் போட்டும் பாருங்க. ஆறடி தள்ளி ஒருத்தரை நிற்கவெச்சு அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க.

எப்படியும் நீங்க மருத்துவரிடம் போய்த்தான் ஆகணும். அமெரிக்காவில் 2005-லிருந்து பவர் இல்லாத அலங்கார லென்ஸும் சட்டப்படி மருத்துவ சாதனம்தான், பிரிஸ்கிரிப்ஷன் இல்லாமல் விற்கக் கூடாது. ஹாலோவீன் சமயத்தில் பியூட்டி சப்ளை கடையில் கிடைச்சாலும் தொடாதீங்க. கண்ணின் வளைவுக்குப் பொருந்தாத லென்ஸ் கார்னியாவைக் கீறும், அந்தக் கீறலில் தொற்று வந்தால் பார்வையே போகலாம்.

கலர் உங்க இஷ்டம். முடிவை மட்டும் வெளிச்சத்தில் எடுங்க.