விற்ற ஊர் ஒன்று, பிறந்த ஊர் ஒன்று

நாவலூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பாட்டனார் காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. லைசென்ஸ் உண்டு. குழலின் மேல் 'பி. ஆர் அண்டு சன்ஸ், மெட்ராஸ்' என்று பொறித்திருக்கிறது. அப்படியானால் இது நம் ஊர்ச் சரக்குத்தானே? ஆயுத பூஜையன்று ஒரு வேட்டுப் போடலாமா?"

அவசரப்படாதீர்கள், அன்பரே! 1849-இல் தொடங்கிய அந்த மவுண்ட் ரோடு கடிகாரக் கடையில் துப்பாக்கியும் விற்றார்கள். விற்றவர் பெயரைக் குழலில் பொறிப்பது அந்நாளைய வழக்கம். புடவைப் பெட்டியில் தியாகராய நகர்க் கடையின் பெயர் இருக்கும். நெய்தவர் காஞ்சிபுரத்தில் அல்லவா இருக்கிறார்?

பிறந்த ஊர் குழலின் அடியில் இருக்கிறது. முதலில் தோட்டா இல்லையென்று இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, விஷயம் தெரிந்தவரைக் கொண்டு குழலைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். கிரீடத்தின் கீழ் குறுக்காக இரண்டு செங்கோல் இருந்தால், 1813-இல் ஏற்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலை. முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்ற ஆங்கில எழுத்துக்களும் ஒரு நட்சத்திரமும் இருந்தால், பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். முட்டையின் தலையில் கிரீடமும் இருந்தால், 1893-க்குப் பிற்பட்டது. இந்த லியேஜ் ஆசாமிகள் லேசுப்பட்டவர்களல்ல! வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலக் கம்பெனிக்குப் பேர் இருக்கிறதென்று, 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று பொறித்துக் கப்பலேற்றிய துப்பாக்கிகள் உண்டு. பெயர் பொய் சொல்லும், முத்திரை சொல்லாது.

இன்னொன்றும் பாருங்கள். குழலில் கோலம் இழுத்தாற்போல் வளைவு வளைவாகக் கோடு தெரிகிறதா? அது 'டமாஸ்கஸ்' குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கி, கம்பியில் சுற்றி, அடித்து ஒட்டியது. பெயர்தான் டமாஸ்கஸ், ஏராளமாகச் செய்தது லியேஜ் பக்கத்தில். பழைய கருமருந்துக்கு ஏற்பட்ட குழல் அது. இக்காலத் தோட்டாவின் அழுத்தம் வேறு. ஒட்டிய இடத்தில் உள்ளுக்குள் துரு ஏறியிருந்தால் வெளியே தெரியாது. குழல் வெடித்தால் போவது, அதைத் தாங்கியிருக்கும் இடக்கை விரல்கள்!

வேட்டு வேண்டாம். விழாவில் பிறருக்கு ஆபத்தாகச் சுட்டால் 2019-இல் திருத்திய ஆயுதச் சட்டப்படி 2 வருஷம் வரை சிறை, அல்லது லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பூஜையில் தாராளமாக வையுங்கள். சந்தனம் குங்குமத்தை மட்டும் கட்டையில் இடுங்கள். குழலடி முத்திரையை ஈரம் தின்றுவிடும்.